ஊசியும் ஏடும்

யாழ்ப்பாணத்திலே பெண்கல்வி எங்கே தொடங்கியது என்று வினவுவோர்க்கு, உடுவில் என விடையிறுத்தல் வழக்கம். அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824ஆம் ஆண்டு இவ்வூரிலே பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடக்கினார். 1833இல் அவர் இளவயதிலேயே இறந்துபட, ஸ்போல்டிங் தம்பதியரும், 1840 முதல் 1879 வரை எலைசா அக்னியூ அம்மையாரும் அதனைப் பேணி வளர்த்தனர். இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி அதன் வளர்ச்சியே. அங்கே தொடக்கத்திற் கற்பிக்கப்பட்டவை எவை என எழுதப் புகுவோர், வாசிப்பு, எழுத்து, எண், பூமிசாத்திரம், வேதாகமம் என நிரல்படச் சொல்லி, ஈற்றில் ‘தையலும்’ என ஓர் உம்மை கொடுத்து முடிப்பர். இலக்கணம் படித்தவர்க்கு அவ்வும்மை எச்சவும்மையா, இழிவுசிறப்பும்மையா என ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நான் உடுவிலிற் பிறந்தவள். தையல் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவள். ஆதலின் அந்த ஓர் உம்மையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்பதே அன்றைய ஊரின் கேள்வி. திண்ணைப் பள்ளியில் மணலில் விரல்வைத்து எழுதியோர் ஆண்பிள்ளைகளே. ஏடு கற்ற பெண்ணால் வீட்டுக்கு என்ன பயன் என்பதைப் பெற்றோர்க்கு விளக்குதல் எளிதன்று. தைக்கக் கற்றவளால் என்ன பயன் என்பதை விளக்க வேண்டியதே இல்லை. தொடக்க காலத்தில் உணவும் உடையும் கொடுத்து, மணமாகிச் செல்லுங்காற் சிறு சீதனமும் கொடுத்தே மிசனார் பிள்ளைகளைப் பாடசாலையில் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது என்பதை நோக்கின், அச்சூழலில் தையல் எத்துணைப் பெரிய துணையாயிருந்திருக்கும் என்பது விளங்கும். ஊசி முன்னே செல்ல இழை பின்னே செல்வதுபோல, தையல் நுழைந்த வழியே எழுத்தும் நுழைந்தது என நான் கருதுகின்றேன். கடலுக்கு அப்பால் நாகர்கோவிலிலும் ஏறக்குறைய இதே காலத்தில் இதுவே நிகழ்ந்தது. 1819இல் அங்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு றேந்தை பின்னவும் கற்பித்தார். அடிமைக் குடியிற் பிறந்த பெண்கள் சிலர் அப்பின்னலால் வந்த பணத்தைக் கொண்டு தம்மை மீட்டுக்கொண்டனர் என்பது அவ்வூர் வரலாறு. (றேந்தை என்பது போர்த்துக்கேயச் சொல். எங்கள் தையற்பெட்டிக்குட் கிடக்கும் பொத்தானும் லேஞ்சியும்கூட அவர்கள் விட்டுச் சென்றவையே. ஆட்சி போய் நானூறாண்டு ஆகப்போகின்றது; பொத்தான் போகவில்லை.)

நூல் என்னும் சொல் இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவாதலை மேடைப் பேச்சாளர் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டனர். ஆயினும் நன்னூற் பாயிரத்தில் வரும் அவ்வுவமையை ஒருமுறை நின்று பார்த்தல் தகும். அங்கே சொல் பஞ்சாகின்றது, வாய் கையாகின்றது, அறிவு கதிராகின்றது, புலவன் நூற்கும் பெண்ணாகின்றான். புலவனுக்கே உவமையாகத் தக்க கைத்திறன் படைத்த அப்பெண் தான் நூற்ற நூலையன்றி மற்ற நூலைக் கண்டாளா என்பதைப் பற்றிப் பாயிரம் ஒன்றும் பேசவில்லை. சங்கப் பாடல்களில் வரும் பருத்திப் பெண்டிரைப் பற்றியும் இதே ஐயம் எனக்குண்டு. பெண்பாற் புலவர் பலர் இருந்த காலம் அது என்பர், உண்மையே. ஆனால் அவர்களும் விளக்கொளியிற் பஞ்சு நூற்ற அவ்வெளிய பெண்டிரும் ஒருவரே என்று கொள்ள இடமில்லை.

என் அம்மம்மா எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டு நிறுத்தப்பட்டவர். 1958ஆம் ஆண்டளவில் அது நிகழ்ந்தது. பெரியபிள்ளையான பெண் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று சொன்னார்களாம். வீட்டில் அவருக்குக் கிடைத்தது ஓர் ஊசி. ஒன்றுவிட்ட அத்தை ஒருத்தியிடம் நூலோடவும், ஓரம் மடிக்கவும், பூப்பின்னவும் கற்றார். ஆக, 1824இல் எந்த ஊசி பெண்பிள்ளைகளைப் படலைக்கு வெளியே கொண்டுவந்ததோ, அதே ஊசி நூற்றுமுப்பது ஆண்டுகளின் பின் அதே ஊரில் ஒரு பெண்ணைப் படலைக்கு உள்ளே இருத்தவும் பயன்பட்டது. இதை எழுதும்போது எனக்குச் சற்று வியப்பாகவே இருக்கின்றது.

எழுபதுகளில் அவர் அயலிலிருந்த நெசவு நிலையம் ஒன்றில் வேலைசெய்தார். 1970 தொடக்கம் 1977 வரை வெளிநாட்டுத் துணியின் வரவு மட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் கைத்தறிக்கு நல்ல காலம். பாவு ஓடுவதும் ஊடை விழுவதும் ஓடம் பாய்வதும் பற்றி அவர் இன்றும் ஒரு சங்கீத வித்துவான் தாளம் சொல்வதுபோற் சொல்வார். 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது, மலிவுத் துணி வந்தது, நிலையம் மூடப்பட்டது. அதன்பின் கால்மெசின் ஒன்றே குடும்பத்தைத் தாங்கியது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன்போல விற்றது. ஜாம் போத்தலின் அடியில் எண்ணெய் தோய்ந்த பஞ்சையும் ஒரு திரியையும் வைத்துக் கொளுத்திய விளக்கை அம்மாவின் புத்தகத்தருகில் வைத்துவிட்டு, அம்மம்மா இருட்டிலே கைத்தடவலில் மெசினை மிதித்துக்கொண்டிருப்பாராம். அம்மா படித்தார், அம்மம்மா தைத்தார். எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளின் கதை இதுவே. ஒருத்தியின் கை தைத்ததனால் இன்னொருத்தியின் கண் வாசித்தது. நன்றியோடு இதைச் சொல்லும்போதும், ஏடும் ஊசியும் ஒரே கைக்கு ஏன் எட்டவில்லை என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டேயிருந்தது. அதற்கு விடை போன்ற ஒன்றை நான் கண்டது 2020இலேதான்.

அவ்வாண்டு மார்ச்சு மாதம் கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டதும், ஊரடங்கு வந்ததும் வாசகர் அறிந்தவை. எங்கள் வளவும் மாமாவின் வளவும் சித்தியின் வளவும் அடுத்தடுத்தவை. இடையில் வேலி, வேலியிற் பொட்டு. அப்பொட்டுக்களினூடாக ஐந்து பிள்ளைகள் அம்மம்மாவின் விறாந்தைக்கு வந்து சேர்ந்தனர். மூத்தவள் பதினான்கு வயதினள், இளையவளுக்கு ஆறு, இடையில் இரு பையன்களும் ஒரு சிறுமியும். ஐவருக்கும் ஒரே ஒரு கைத்தொலைபேசி. ஆசிரியர்கள் வைபரில் அனுப்பிய குறிப்புகள் சிலவேளை வரும். சிலவேளை, கிணற்றடிக்குச் சென்று கையை உயர்த்திப் பிடித்தாலும் வாரா. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு அதே விறாந்தையின் மூலையில் இருந்தவள் நான். ஆதலால் நடந்தவற்றை அருகிருந்து கண்டேன்.

அம்மம்மா கல்விக் கொள்கை எதுவும் வகுக்கவில்லை. பிள்ளைகளின் சத்தம் பொறுக்கமுடியாமல் ஆளுக்கோர் ஊசியையும் வெட்டுத்துண்டையும் கொடுத்தார், அவ்வளவுதான். சில நாளில் அது ஓர் ஒழுங்காயிற்று. காலையில் வெயில் விறாந்தைக்கு ஏறும்வரை தையல், பின்பு வாசிப்பு, அவ்வேளையில் ஒருவரும் பேசுதல் கூடாது. பையன்களுக்கும் விலக்கில்லை. வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்த அயல் முதியவர் ஒருவர், “ஆம்பிளைப் பிள்ளையளுக்கு ஊசி என்னத்துக்கு ஆச்சி?” என்று கேட்டார். “அவனவன்ரை சட்டைப் பொத்தானை அவனவன் தைக்கட்டுமன்” என்றார் அம்மம்மா, நிமிர்ந்து பாராமலே.

தையலிலே கணிதம் இருப்பதாக மனையியல் ஆசிரியர்கள் சொல்வதுண்டு. எப்படி இருக்கின்றது என்பதை அந்த விறாந்தையிலேதான் கண்டேன். சட்டை வெட்டுவதற்குத் துணியை நான்காக மடிப்பார்கள். மார்பளவு 32 அங்குலமாயின் மடித்த துணியிற் குறிக்கவேண்டியது 8 அங்குலம். உடல் அசையத் தளர்வுக்கும் தையலுக்கும் வேறாகக் கூட்டவேண்டும். பின்னம் என்றால் ஓடி ஒளித்த ஒன்பது வயதுப் பையன், நாலிலொன்று என்பது மடிப்பில் இருப்பதைக் கண்டபின் அரையையும் அரைக்காலையும் துணியை மடித்து மடித்தே கண்டுபிடித்தான். பாவோடும் ஊடையோடும் நேராக வெட்டிய துண்டு இழுபடாது. மூலைவாட்டில் வெட்டியது இழுபடும். கழுத்து வளைவுக்கு மூலைவாட்டுத் துண்டையே வைத்துத் தைப்பதன் காரணம் அதுவே என்று ஒருநாள் அம்மம்மா சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவன் மட்டும் ஒரு துண்டை எடுத்து எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னலூசியால் றேந்தை பின்னுதலோ வேறுவகைப் பாடம். எண்ணிக்கை பிசகினால் உடனே தெரிவதில்லை. நாலைந்து வரிசை சென்றபின் வட்டம் கோணி நிற்கும். அப்போது பின்னியதை அவிழ்த்தாக வேண்டும். அவிழ்த்த நூல் பழுதாவதில்லை. அதே நூல், அதே ஊசி, மறுபடி பின்னலாம். ஒரு பிள்ளையின் பிழையை அந்தப் பிள்ளையே கண்டு, எவரும் சிவப்புக் கோடு கீறாமல் அதுவே திருத்துகின்ற இடம் இதுபோல வேறு அதிகம் இல்லை. முதல் வாரங்களில் அவிழ்க்கும்போதெல்லாம் அழுத ஆறு வயதுக்காரி, மே மாதமளவில் அவிழ்ப்பதையே ஒரு விளையாட்டாக்கிக்கொண்டாள். அவள் பின்னியதைவிட அவிழ்த்தது கூட என்று நாங்கள் சிரிப்போம்.

வாசிப்பு நேரத்தைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். நம் வீட்டுமரபு வாய்விட்டு வாசிக்கும் மரபு. கோயிலிற் புராணபடனம், ஒருவர் வாசிக்க ஒருவர் பயன்சொல்ல ஊரவர் கேட்பர். திண்ணைப் பள்ளியிலும் ஒலியே பாடம். தனக்குள்ளே தான் வாசித்தல் பின்வந்த பழக்கம். அச்சுப் புத்தகம் வீட்டுக்கு வீடு வந்த பின்னரே அது பரவியது எனலாம். ஆகவே பிள்ளைகளுக்கு அது எளிதில் வாய்க்கவில்லை. இளையவர் இருவரும் உதட்டை அசைத்தே வாசித்தனர். நூலகங்கள் மூடிக்கிடந்தமையால் வாசிக்கக் கிடைத்தவை அலுமாரியில் இருந்தவையே: கட்டிவைத்த அம்புலிமாமா இதழ்கள், அட்டை கழன்ற வீரகேசரிப் பிரசுர நாவல்கள், செங்கை ஆழியானின் ‘ஆச்சி பயணம் போகிறாள்’. படலையைத் தாண்டமுடியாத நாட்களிலே அந்த ஆச்சி யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டுக் கதிர்காமம்வரை சென்ற கதையைப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வாசித்தனர். சிரிப்பை அடக்கமுடியாமல் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடியதும் நினைவிருக்கின்றது.

தையலின் பின் வாசிப்பு என்ற முறை தற்செயலாக அமைந்ததாயினும், அதில் ஒரு பொருத்தம் இருந்ததென்றே நினைக்கின்றேன். ஒரு மணிநேரம் இழையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணும் அடங்கியிருந்த உடலும் எழுத்துக்கு ஏற்கெனவே பதப்பட்டுவிடுகின்றன. தொலைபேசியிற் பாடம் கேட்டுவிட்டு வாசிக்க அமர்ந்த நாட்களில் அதே பிள்ளைகள் பத்து நிமிடமும் இருக்கவில்லை. இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். ஐந்து பிள்ளைகளையும் ஒரு விறாந்தையையும் கொண்டு எதையும் நிறுவுதல் இயலாது. அம்மம்மாவும் அவர்களோடிருந்து வாசித்தார். எட்டாம் வகுப்பின் பின் பகல்வேளையிற் புத்தகத்தோடு இருக்க அவருக்கு வாய்த்தது அப்போதுதான். ஆகஸ்டு மாதமளவில் இளையவளின் உதடு அசைவதை நிறுத்திவிட்டது. அம்மம்மாவின் உதடு இன்றும் அசைந்துகொண்டே இருக்கின்றது.

கைவேலையினூடாகக் கற்பித்தல் புதிய கருத்தன்று. புரோபல் தம் குழந்தைத்தோட்ட முறையிலே தாள் நெய்தலையும் அட்டையில் நூலோட்டுதலையும் சேர்த்திருந்தார். 1937இல் வார்தாவிற் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில் நூற்றல் நடுவிடம் பெற்றது. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1927 நவம்பரில், கதர் நிதிக்காக யாழ்ப்பாணம் வந்த அவர், எங்கள் ஊருக்கு அணித்தாகிய மருதனார்மடத்து இராமநாதன் மகளிர் கல்லூரி மாணவியரிடத்தும் பேசிச் சென்றார். நம் நாட்டிலே 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அவ்வவ்விடத்துத் தொழில்களைத் தொழில்முன்னிலைப் பாடங்கள் என்ற பெயரிற் பாடசாலைக்குள் கொண்டுவந்தது. 1977இன் ஆட்சிமாற்றத்தோடு அது போயிற்று. பிள்ளையை டாக்டராகவும் எஞ்சினியராகவும் காண விழைந்த பெற்றோர்க்கு அது உவப்பாயிருக்கவில்லை என்று மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். இத்திட்டங்களையெல்லாம் விரிவுரைகளிற் படித்தபோது எனக்கு ஒரு குறை தோன்றியது. கை எதைக் கற்கும் என்று விரிவாகப் பேசியவர்கள், வீட்டில் யாருடைய கை அதைச் செய்கின்றது, செய்தபின் அந்தக் கைக்கு என்ன நேர்கின்றது என்பதைக் குறைவாகவே பேசியிருக்கின்றனர்.

எங்கள் விறாந்தையிலும் அக்கேள்வி வந்தது. மூத்தவளின் கை மிகவும் தேர்ந்துவிட்டது. துணி முகக்கவசம் எங்கும் தேவைப்பட்ட காலம் அது. மூன்று மடிப்புத் துணியில் நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது தைத்து அவள் கொடுத்தாள். மாமா அவற்றைச் சுன்னாகத்துக் கடைகளுக்குக் கொண்டுசென்றார். மாமா மேசன் வேலை செய்பவர். அக்காலத்திற் கட்டட வேலை படுத்துக்கிடந்தது. முகக்கவசத்தின் பின் சட்டைத் தையல் ஓடர்களும் வரத் தொடங்கின. 2021இன் இறுதியிற் பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அவள் நல்லாய்த் தைக்கிறாள்தானே அம்மா. வீட்டிலை இருந்தே படிச்சு ஓ.எல். எடுக்கட்டுமே.”

மாமா கொடியவர் அல்லர். மகளிடத்து மிகுந்த பாசமுடையவர். வீட்டில் அரிசிக்கு வழி தேடியவரின் பேச்சு அது. அம்மம்மா சற்றுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு, “எனக்கும் இப்பிடித்தான் சொன்னவை, தம்பி. வீட்டிலை இருந்து படிக்கட்டாம். நான் என்னத்தைப் படிச்சனான்?” என்று கேட்டார். எழுந்து சென்று மெசினின் மரமூடியைக் கவிழ்த்துப் பூட்டித் திறப்பை இடுப்பிற் சொருகிக்கொண்டார். மறுநாட் காலை அவள் வெள்ளைச் சீருடையோடு சைக்கிளில் ஏறிப் போவதைப் படலையடியில் நின்று பார்த்த பின்னரே அத்திறப்பு வெளியே வந்தது.

பூட்டியதனால் மட்டும் அரிசி வருமா? வந்திருந்த ஓடர்களை அம்மம்மாவே ஏற்றார். எழுபத்தாறு வயதில் மறுபடியும் மெசினை மிதித்தார். மறு ஆண்டு, 2022இல், நாட்டின் பணநெருக்கடி வந்தது. மின்வெட்டு நாளுக்குப் பல மணிநேரம் நீண்டது. கொப்பி விலை ஏறியது. எரிபொருள் இன்மையாற் பாடசாலைகள் மறுபடியும் மூடின. புதுத்துணி வாங்க இயலாதோர் பழந்துணியை இழையோட்டித் தரும்படி கொண்டுவந்தனர். மூத்தவள் மாலையில் மட்டும் உதவினாள், ஓ.எல். சித்தியடைந்து உயர்தர வகுப்புக்குச் சென்றாள்.

வீட்டுக் கல்வியைப் புகழ்ந்து எழுதுவோரை இப்போது பார்க்கும்போது எனக்கு இரு மனமாக இருக்கின்றது. அவ்விறாந்தையிற் பிள்ளைகள் கற்றதை எந்த வகுப்பறையிலும் கற்றிருக்கமாட்டார்கள். ஆனால் விஞ்ஞானகூடம் விறாந்தையில் இல்லை. ஒத்த வயதுத் தோழியர் இல்லை. வீட்டாரின் வறுமையை அறியாத ஓர் ஆசிரியையின் கண்டிப்பும் இல்லை. வீடு பிள்ளைக்குக் கற்பிக்கும்; கூடவே, பிள்ளையிடம் வேலையும் கேட்கும். பெண்பிள்ளையிடம் சற்று முந்தியே கேட்கும். உடுவிலில் 1824இல் அம்மையார் தொடங்கியது வீட்டை விட்டுப் பிள்ளையைப் பிரித்தெடுத்த விடுதிப் பாடசாலையாக அமைந்தமைக்கு இதுவும் ஒரு காரணமோ என இப்போது ஐயுறுகின்றேன். மதம் மாற்றும் நோக்கம் அவர்களுக்கு இருந்தது உண்மை. ஆனால் அடுப்படியிலிருந்து கூப்பிடும் குரல் எட்டாத தூரம் ஒரு பெண்பிள்ளையின் வாசிப்புக்கு வேண்டியிருந்ததும் உண்மையே.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். அம்மம்மாவின் ஒரு கண்ணிற் புரை அகற்றியாயிற்று. மற்றது இன்னும் மங்கல். மெசினைக் கைப்பழக்கத்தில் ஓட்டிவிடுகின்றார். கொளுக்கி வைப்பதற்கும் ஓரம் மடிப்பதற்கும் வேண்டிய கையூசியிற் காது தெரிவதில்லை. பின்னத்துக்குப் பயந்த பையன் இப்பொழுது ஒன்பதாம் தரத்திற் படிக்கின்றான். காலையிற் பாடசாலைக்குப் புறப்படுமுன், பத்து ஊசிகளுக்கு நூல் கோத்து, வெள்ளை நூல் ஐந்து ஒரு பக்கமும் கறுப்பு ஐந்து மறுபக்கமுமாகப் பஞ்சுத் தலையணையிற் குத்திவைத்துவிட்டுச் செல்கின்றான். நான் நின்ற நாட்களில் ஒருநாள் பத்தும் மத்தியானத்தோடு முடிந்துவிட்டன. அம்மம்மா புத்தகத்தை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்து, அவன் பாடசாலை விட்டு வரும்வரை வாசித்துக்கொண்டிருந்தார்.